கண்டக்டருக்கு எத்தனை முழங்கால்?

கண்டக்டரின் இடது முழங்கால் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் திரும்பி வந்தது.

முழங்கால் என்றால் முழங்கால் அல்ல. அதில் போட்ட ஊசிக்கான பில். எலும்பு டாக்டரின் கிளினிக்கில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். "அந்தத் தோள் பாஸாயிடுச்சா?", "நேத்து அனுப்பின இடுப்பு என்னாச்சு?" என்றெல்லாம் காதில் விழுந்தால் புதிதாக வந்த நோயாளி செருப்பைத் தேடுவார்.

பில் அக்காவுக்கு இது பழகிப்போன விஷயம். ஏழு வருடமாகப் பின்னறையில், எக்ஸ்ரே உறைகள் பிதுங்கும் அலமாரிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே உட்கார்ந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எலும்பு எலும்பாக அனுப்பிக்கொண்டிருப்பவள் அவள். வயது நாற்பத்து மூன்று. அறுபதைத் தொடப்போகும் டாக்டர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளும் அதை ஒரு பதவியாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

திரையில் கம்பெனியின் பதில் இரண்டே வரியில் இருந்தது. "எந்தப் பக்கத்து முழங்கால் என்று குறிப்பிடப்படவில்லை. பில் நிராகரிக்கப்படுகிறது."

அக்கா நோயாளியின் தாளை எடுத்துப் பார்த்தாள். டாக்டரின் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: "முன்போலவே."

டாக்டருக்கு அது ஒரு வியாதி. நோயாளி முதல் முறை வரும்போது பக்கம் பக்கமாக எழுதுவார். அடுத்த முறையிலிருந்து எல்லாம் "முன்போலவே"தான். போன வருடம் கண்டக்டருக்கு வலது முழங்காலில் மூன்று ஊசி போட்டு, மூன்றும் பாஸாகிவிட்டன. இந்த வருடம் வலி இடது பக்கத்துக்கு மாறிவிட்டது. வலி மாறினாலும் டாக்டரின் பேனா மாறவில்லை. தன் இரண்டாவது மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்திருந்தால் அதிலும் "முன்போலவே" என்று போட்டிருப்பார்.

"ஏம்மா, போன வாரம் கண்டக்டருக்கு எந்தக் கால்ல ஊசி?" என்று அக்கா வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

முன்மேசையில் டோக்கன் கொடுக்கும் பெண் திரும்பாமலே சொன்னாள். "இடது கால்தான் அக்கா. செருப்பைக் கழட்டிவிட நான்தானே குனிஞ்சேன்."

விஷயம் அவ்வளவுதான். படிவத்தில் "திருத்தம்" என்ற கட்டத்தில் டிக் அடித்து, "இடது" என்று போட்டு அனுப்பினால் முடிந்தது. ஆனால் திருத்தம் என்று போனால் அது கம்பெனியில் பதினைந்து நாள் ஊறும். புதுப் பில்லாகப் போனால் அன்றைக்கே யாராவது பார்ப்பார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, அக்கா சொந்தமாகக் கண்டுபிடித்த குறுக்குவழி அது. திருத்தம் கட்டத்தை விட்டுவிட்டு, இடது முழங்கால் என்று புதிதாக ஒரு பில் போட்டு அனுப்பினாள். அந்தத் திருப்தியில் டீயும் குடித்தாள்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது.

"எங்கள் பதிவின்படி பாலிசிதாரருக்கு ஏற்கெனவே வலது முழங்கால் ஒன்றும், பக்கம் குறிப்பிடப்படாத முழங்கால் ஒன்றும் உள்ளன. தற்போது இடது முழங்காலுக்கும் பில் வந்துள்ளது. மூன்றாவது முழங்கால் குறித்து விளக்கம் தேவை."

டோக்கன் பெண் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு முன்மேசைக்கு ஓடினாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்தாள்.

கம்பெனியில் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு மேசை. தோளுக்குப் பேசியவர் இடுப்புக்கு மாற்றினார். இடுப்பு மேசை அம்மாள் "கொஞ்சம் கீழே போகணும்" என்று சொல்லி இணைப்பைத் தள்ளிவிட்டார். கடைசியில் ஒரு சாந்தமான ஆண்குரல், "முழங்கால்" என்றது.

"சார், ஒரு மனுஷனுக்கு மூணு முழங்கால் எப்படி சார் இருக்கும்?"

"இருக்காதும்மா."

"அப்ப பில்லைப் பாஸ் பண்ணலாமே."

"பதிவுல மூணு இருக்கேம்மா."

"பதிவு தப்பு சார். நான்தான் சொல்றேனே."

"நீங்க சொன்னா எனக்குப் புரியுது. எனக்குப் புரிஞ்சு என்ன பிரயோஜனம்? ஃபைலுக்குப் புரியணும். இவருக்கு ரெண்டே முழங்கால்தான்னு டாக்டர் சான்றிதழ் ஒண்ணு, முழங்கால் தெரியற மாதிரி போட்டோ ஒண்ணு அனுப்புங்க. விதி அப்படிம்மா."

"சான்றிதழ்" என்று குறித்துக்கொண்டு அக்கா போனை வைத்தாள். அதற்கு டாக்டரிடம் போக வேண்டும். போனால் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பதினோரு வருஷம் மெடிக்கல் படிச்சிருக்கேன் அக்கா. ஒரு மனுஷனுக்கு ரெண்டு முழங்கால்னு நான் கையெழுத்து போடணுமா?"

"விதி அப்படியாம் டாக்டர்."

"இந்த மாசம் திரும்பி வந்த பில் இது எத்தனையாவது?"

"ஆறாவது."

ஆறில் ஐந்து "முன்போலவே" செய்த வேலை என்பதை அக்கா சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டரின் மேசை மேல் ஒரு பளபளப்பான விளம்பரத் தாள் கிடந்தது. அதில் காதில் ஹெட்போன் மாட்டிய நாலு பேர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில், "பில் கவலை இனி உங்களுக்கு இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இவங்க நேத்து வந்துட்டுப் போனாங்க" என்றார் டாக்டர். "எல்லா பில்லையும் இவங்களே வெளியிலேருந்து பாத்துக்குவாங்களாம். ஒண்ணுகூடத் திரும்பி வராதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி வரோம்னிருக்காங்க. அதுக்குள்ள இந்த முழங்கால் பாஸாகலைன்னா, ஒண்ணாந்தேதியிலேருந்து வேலை அவங்களுக்குத்தான்."

"அப்ப நான், டாக்டர்?"

"பாக்கலாம்."

ஆபரேஷன் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்துபோன நோயாளிகளிடம் டாக்டர் சொல்லும் வார்த்தை அது. அக்கா ஏழு வருடமாக அதைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறாள். தன்னிடமே சொல்வார் என்று நினைத்ததில்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டு பின்னறைக்கு வந்து, கை கழுவும் தொட்டியில் முகத்தைக் கழுவினாள். அந்த நாற்காலி ஒரு பக்கம் சாயும், மின்விசிறி தலைக்கு நேராக இல்லை, ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை. ஆனாலும் அது அவள் இடம். அதை ஹெட்போன் மாட்டிய நாலு பேருக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை காலை கண்டக்டரைப் போனில் வரச் சொன்னாள். பஸ்ஸில் முப்பத்து நாலு வருடம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். கிளினிக்கில் நாலு பேர் வரிசையில் நின்றாலே, "உள்ள நகருங்க, உள்ள நகருங்க" என்பார். பழக்கதோஷம்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பில் டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மூணு முழங்காலா? எனக்கா? இருந்திருந்தா மாத்தி மாத்தி நின்னிருப்பேனேம்மா. இப்படி நொண்டிக்கிட்டு உங்ககிட்ட ஏன் வரேன்?"

வெளிச்சம் டாக்டர் அறையில்தான் நன்றாக இருந்தது. டாக்டர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து கண்டக்டரை உள்ளே உட்கார வைத்தார்கள். பேன்ட்டை இரண்டு பக்கமும் சுருட்டிவிட்டுக்கொண்டு, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது போல விறைப்பாக உட்கார்ந்தார். டோக்கன் பெண் போனில் படம் எடுத்தாள். சான்றிதழும் படமும் பதினோரு மணிக்குப் போயின.

ஒரு மணிக்குப் பதில்.

"அனுப்பிய புகைப்படத்தில் மூன்று முழங்கால்கள் தெளிவாகத் தெரிகின்றன. டாக்டரின் சான்றிதழ் இதற்கு முரணாக உள்ளது. கோப்பு விசாரணைப் பிரிவுக்கு அனுப்பப்படும்."

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்டக்டரின் இரண்டு முழங்கால்கள். அவற்றுக்குப் பக்கத்தில், அதே உயரத்து ஸ்டூலில், அதே கோணத்தில் மடங்கியபடி, நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்ல டாக்டர் வைத்திருக்கும் பிளாஸ்டிக் முழங்கால். கண்டக்டருடையதைவிட அதுதான் படத்தில் அழகாக விழுந்திருந்தது.

"வெளிச்சத்தைத்தான் பாத்தேன் அக்கா" என்றாள் டோக்கன் பெண், அழாத குறையாக.

மறுபடி தோள், மறுபடி இடுப்பு, மறுபடி அந்தச் சாந்தக் குரல்.

"சார், மூணாவது பிளாஸ்டிக் சார்."

"செயற்கை மூட்டா? அதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கணுமேம்மா."

"யாருக்கும் வெக்கலை சார். ஸ்டூல்ல வெச்சிருக்கு."

மறுமுனையில் பேனா ஓடும் சத்தம். "ஸ்டூல்ல… வெச்சிருக்கு. சரி, குறிச்சுக்கிட்டேன். ஆனா பதிவுல இன்னும் மூணுதாம்மா இருக்கு."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிரச்சினையே அந்தப் பக்கமில்லாத முழங்கால்தான். அதைத் தூக்கிவிட்டால் மிச்சம் இரண்டு. கணக்கு சரியாகிவிடும்.

"சார், ஒரு முழங்காலை ரத்து பண்ணிடலாமா?"

"தாராளமா. கடிதம் அனுப்புங்க, நாளைக்குக் காலையில மெஷினே பண்ணிடும்."

அவர் சொன்னது உண்மைதான். வியாழக்கிழமை காலை மெஷின் ரத்து செய்தது. ரத்து என்று வந்தால் இருப்பதில் பழையதை எடுப்பதுதான் அந்த மெஷினின் விதி. அது போன வருடத்து வலது முழங்காலைத் தூக்கிவிட்டது.

இப்போது கம்பெனி கணக்கில் கண்டக்டருக்கு ஒரு இடது முழங்காலும் ஒரு பெயரில்லாத முழங்காலும் இருந்தன. வலது பக்கம் காலி. இல்லாத முழங்காலுக்குப் போன வருடம் ஊசி போட்டது ஏன், கொடுத்த பணத்தைத் திருப்பித் தருவது எப்போது என்று டாக்டர் பெயருக்கே நேராக ஒரு கடிதமும் வந்துவிட்டது.

டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. கடிதத்தைப் படித்து, மடித்து, அந்தப் பளபளப்பான விளம்பரத் தாளுக்குள் வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது.

அன்று மாலை வீட்டில் காய் நறுக்கும்போது அவள் விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள். கணவர் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். எந்தத் துக்கத்தையும் மோட்டார் பழுது மாதிரிதான் விசாரிப்பார்.

"முதல்ல எங்க நின்னுச்சு?" என்றார்.

"என்னது?"

"மெஷின் நின்னுபோனா, கடைசியா நான் எதைக் கழட்டினேன்னு பாத்துக்கிட்டே இருந்தா விடியாது. முதல்ல எங்க நின்னுச்சுன்னு பாக்கணும். நீ மூணு நாளா உன் ரிப்பேரையே ரிப்பேர் பண்ணிக்கிட்டிருக்கே."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டிவியைப் போட்டார். அக்கா அடுப்பின் முன் அப்படியே நின்றாள். முதலில் எங்கே நின்றது? பக்கம் போடவில்லை என்று கம்பெனி திருப்பி அனுப்பியதில். பக்கம் போடாதது தன் தப்பு என்று அவள் அப்போதே ஒப்புக்கொண்டாள். ஆனால் பக்கம் போடாவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

கம்பெனியின் விதிப் புத்தகம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவள் ஏழு வருடமாக "எலும்பும் மூட்டும்" என்ற பகுதியைத் தாண்டியதில்லை. எலும்பு கிளினிக்குக்குப் பல்லும் பிரசவமும் எதற்கு? இப்போது முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். பல்லைத் தாண்டினாள். பிரசவத்தைத் தாண்டினாள். நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில், "கண்ணும் காதும்" என்ற பகுதியில், விரல் நின்றது.

"எந்தப் பக்கம் என்று குறிப்பிடாத பில்லை நிராகரிக்கக் கூடாது. அதை நிறுத்தி வைத்து, டாக்டரிடம் கேட்டு, கம்பெனியே பக்கத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்."

கண்ணுக்கும் காதுக்கும்தானே என்று மனசு சுருங்கியது. பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

"இவ்விதி உடலில் இரண்டாக அமைந்த எல்லா உறுப்புகளுக்கும் பொருந்தும்."

அக்கா அதை மூன்று முறை படித்தாள். அடுப்பில் காய் கருகிப்போயிருந்தது. அவர்கள் கருகாத பக்கமாகப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அந்த வாரத்தில் அவள் ருசித்துச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான்.

வெள்ளிக்கிழமை கிளினிக் திறந்ததும் ஒன்றரைப் பக்கத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பினாள். பத்து மணிக்குப் போன் செய்தாள். டோக்கன் பெண் முன்மேசையை அம்போவென்று விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டாவது ஊசிக்கு வந்திருந்த கண்டக்டரும் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"முழங்கால்" என்றது குரல்.

"சார், விதிப் புத்தகம் கையில இருக்கா?"

"எப்பவும் மேசையிலதாம்மா இருக்கும்."

"நூத்தி அறுபத்து மூணாம் பக்கம் எடுங்க."

தாள் புரளும் சத்தம். "இது கண்ணு, காது பகுதிம்மா. வேற மேசை."

"கடைசி வரியைப் படிங்க சார். சத்தமா."

அவர் படித்தார். பிறகு, யாரும் கேட்காமலே இன்னொரு முறை படித்தார்.

"சார், முழங்கால் உடம்புல ரெண்டாத்தானே இருக்கு?"

"ரெண்டுதாம்மா" என்றார் அவர்.

கதவோரத்தில் கண்டக்டர் பெருமூச்சு விட்டார். நாலு நாளில் கம்பெனி தரப்பில் ஒருவர் அதை ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை.

"அப்ப செவ்வாய்க்கிழமை நீங்க திருப்பி அனுப்பினதே தப்பு. எங்க டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும். நீங்க கேட்டிருந்தா நான் ரெண்டாவது பில் போட்டிருக்கமாட்டேன். ரெண்டாவது பில் இல்லைன்னா மூணாவது முழங்கால் இல்லை. மூணாவது இல்லைன்னா போட்டோ இல்லை, விசாரணை இல்லை, ரத்து இல்லை. அத்தனையும் அந்த ஒரு தப்புலேருந்து வந்தது. சரியா சார்?"

"சரிதாம்மா." அவர் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. "இத்தனை வருஷத்துல இந்த வரியை நான் பாத்ததே இல்லைம்மா. எங்க மேசையில யாரும் கண்ணு, காதெல்லாம் படிக்கமாட்டோம்."

மூன்று மணிக்குத் திரையில் வந்தது. இடது முழங்கால் அனுமதிக்கப்பட்டது. பெயரில்லாத முழங்கால் நீக்கப்பட்டது. வலது முழங்கால் பழைய இடத்திலேயே வைக்கப்பட்டது. விசாரணை கைவிடப்பட்டது. கேட்காமலே, இரண்டாவது, மூன்றாவது ஊசிகளுக்கும் அனுமதி.

முடிவைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று ஊசி போட்ட பிறகும் உட்கார்ந்திருந்த கண்டக்டர், பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதினார். காத்திருந்த நோயாளிகளில் இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். டோக்கன் பெண் அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு வெளிக் கம்பெனியிலிருந்து இருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். டாக்டர் அறைக் கதவு பாதி திறந்திருந்ததால், பின்னறையில் எல்லாம் கேட்டது.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் டாக்டர். "நோயாளியோட பில்லுல எந்தப் பக்கம்னு போட விட்டுப்போச்சு. கம்பெனி திருப்பி அனுப்புது. என்ன பண்ணுவீங்க?"

"திருத்தி மறுபடி அனுப்புவோம் சார்."

"அப்படி அனுப்பினா என் நோயாளிக்கு மூணு முழங்கால் முளைக்கும். தெரியுமா?"

அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"எங்க அக்காவுக்குத் தெரியும்" என்று சொல்லி, டாக்டர் அந்த விளம்பரத் தாளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பின்னறையில் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஏழு வருடத்தில் அந்த மனிதர் "எங்க அக்கா" என்று சொல்லிக் கேட்டது இன்றுதான். சாயும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அடுத்த நோயாளியின் தாள் வந்தது. டாக்டர் அதில் புதிதாக, பெரிய எழுத்தில், "வலது தோள்" என்று எழுதியிருந்தார். அதன் கீழே, "முன்போலவே" என்றும் எழுதியிருந்தார். அவரால் அவ்வளவுதான் முடியும்.

ஆறரை மணிக்குக் கணினியை அணைக்கப் போகும்போது டோக்கன் பெண் வந்தாள்.

"அக்கா, ஒருத்தர் வந்திருக்கார். டாக்டரைப் பாக்கணுமான்னு கேட்டா இல்லைங்கறார். முழங்கால் பில் பாஸ் பண்ண வெச்ச அக்காவைத்தான் பாக்கணுமாம்."

அதற்குள் பேர் பரவிவிட்டதா என்று அக்காவுக்கே ஆச்சரியம். கண்டக்டரின் வாய் அப்படிப்பட்டது. சேலையைச் சரிசெய்துகொண்டு, "வரச் சொல்லு" என்றாள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான மனிதர். ஒரு கையில் குடையை ஊன்றிக்கொண்டு, அடிக்கு அடி நின்று, நொண்டி நொண்டி உள்ளே வந்தார். பேச்சு எதுவும் இல்லாமல் ஒரு ஃபைலை நீட்டினார். அக்கா பிரித்தாள். வேறொரு கிளினிக்கில் போட்ட முழங்கால் ஊசி. பில்லில் எந்தப் பக்கம் என்று இல்லை. அதே கம்பெனி. அடுத்தடுத்து நாலு நிராகரிப்புக் கடிதங்கள், எல்லாவற்றிலும் அதே இரண்டு வரி. பாவம், அவளாவது நாலு நாள்தான் அல்லாடினாள். இந்த மனிதர் எட்டு மாதமாக அந்தக் காலை இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

"உட்காருங்க சார், உட்காருங்க" என்றாள். வெற்றி அவளுக்குள் இன்னும் சூடாக இருந்தது. "கவலையே படாதீங்க. இதுக்கு ஒரே ஒரு கடிதம் போதும். நூத்தி அறுபத்து மூணாம் பக்கம், கடைசி வரி. இதை இப்படித் திருப்பித் திருப்பி அனுப்பினது யாருன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். இரண்டு கையாலும் காலைப் பிடித்து மெதுவாக நீட்டிக்கொண்டார்.

"நான்தாம்மா" என்றார் சாந்தமாக. "முழங்கால் மேசைக்கு நான் ஒருத்தன்தான், என் பில்லும் என்கிட்டயேதான் வருது, நீங்க அந்தக் கடிதத்தை மட்டும் எழுதிக் குடுங்க, திங்கக்கிழமை காலையில முதல் வேலையா நான் தோத்துடறேன்."